சத்தமில்லாமல் தரையிறங்குவது எப்படி

1

இந்த ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் தகப்பனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முறை வைத்து ஒவ்வொரு தகப்பனும் வியாழக்கிழமை சாயங்காலம் விளையாட்டுக் கூடத்துக்குப் போய் வலை கட்ட வேண்டும், பந்து பொறுக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. எனக்கு இதய நோய் உண்டா, தொற்று நோய் உண்டா, பந்து என் தலையில் பட்டால் யார் பொறுப்பு என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். பந்து பொறுக்கத் தகுதியானவன்தான் என்று மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேற்கு ஜெர்மனிக்கு வந்த பத்து வருஷத்தில் என்னை முழுசாக நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் பொறுப்பு அதுதான்.

வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலை வேறு. ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறேன். சின்னமனூரில் என் அக்காவின் புருஷன் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறார். ஆக, குடும்பமே தண்ணீர் இறைத்துத்தான் பிழைக்கிறது. அவர் கையில் கிரீஸ், என் கையில் பென்சில்.

என் மகள் கயலுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இரண்டு ரேடியோவை எதிரெதிரே வைத்த மாதிரி வீடு ஓடுகிறது. வாலிபால் விளையாடுகிறாள் என்பதே எனக்குப் படிவத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

அங்கே வாலிபால் சொல்லிக்கொடுக்கிறவர் க்ரூபர் அம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், குரல் தாழ்ந்தவர். முதல் வியாழக்கிழமை அவர் பந்தையே எடுக்கவில்லை. பிள்ளைகளை ஒரு தாழ்ந்த பெஞ்சின் மேல் வரிசையாக ஏற்றி ஒவ்வொருத்தியாகக் குதிக்கச் சொன்னார். தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குதிக்கிறவளின் முகத்தைப் பார்க்காமல் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றைக் காலில் நிற்கவைத்து மெதுவாக மடக்கச் சொன்னார். பிறகு பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டுத் தொடையைச் சுற்றி மாட்டி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கவைத்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இப்போது குதியுங்கள். நீங்கள் இறங்கியது எனக்குக் கேட்கக் கூடாது."

ஏன் என்று கேட்டேன். இந்த வயசில் பெண் பிள்ளைகளுக்கு எலும்பு முன்னால் ஓடிவிடும், தசை பின்னால் மெதுவாக வரும் என்றார். எம்பிக் குதித்து இறங்கும்போது முழங்கால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உள்பக்கம் சாயும். இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று முத்தமிடப் போகிற மாதிரி. நூறு தடவை சாய்ந்து திரும்பிவிடும். நூற்றியோராவது தடவை திரும்பாது.

"அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது."

நான் பந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் செல்வியின் ஞாபகம் வந்துவிட்டது.

2

செல்வி என் அக்காவின் ஒரே மகள். நல்ல உயரம். இடையில் ஒரு வருஷம் டைபாய்டில் போனதால் வகுப்பில் எல்லோரையும் விட ஒரு வயசு மூத்தவள். போன வருஷம் பொங்கலுக்கு லீவில் போயிருந்தபோது, "மாமா, கேம்ஸைப் பாக்க வாங்க" என்று என்னைப் பள்ளி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மைதானம் என்றால் சரளை மண்ணில் சுண்ணாம்புக் கோடு. ஆறு பெண்கள், கணுக்கால் வரைக்கும் யூனிஃபாரம் பாவாடை. தடுக்கக் கூடாது என்று ஓரத்தில் ஒரு முடிச்சு. டிரில் டீச்சர் ரூத் அம்மா வாயில் விசிலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை நீட்டியே வைத்திருந்தார்.

செல்வி எம்பினாள். நான் ஜெர்மனியில் கூட அப்படி ஓர் எழும்பலைப் பார்த்ததில்லை. பந்து எதிர்ப்பக்கம் போய்க் குத்தியது. அவள் இறங்கினாள். தொப்பென்று ஒரு சத்தம், மூட்டையைப் போட்ட மாதிரி. மைதானமே கைதட்டியது. நான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினேன்.

"சத்தத்தக் கேட்டீகளா சார்?" என்றார் ரூத் டீச்சர். "இடி விழுந்த மாதிரி இருக்கும். போடிக்காரப் பிள்ளைக இந்தச் சத்தத்துக்கே பயப்படும்."

"முட்டி வலிக்காதா டீச்சர்?"

"வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலிச்சுச்சு. அப்புறம் பழகிருச்சு." நீட்டி வைத்த காலை இரண்டு கையாலும் தூக்கி இன்னும் கொஞ்சம் வசதியாக வைத்துக்கொண்டார். அது கண் முன்னால் நடந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. படித்தவன் வேறு.

திரும்பி வரும்போது செல்வி படி இறங்குகையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்ல மாமா. லேசாக் குத்தும். அப்பாட்டச் சொல்லிராதீக."

அவளுக்கு இருந்தது ஒரே கணக்கு. மாவட்ட டீமில் இடம் கிடைத்தால் மதுரையில் ஒரு காலேஜில் விளையாட்டுக் கோட்டாவில் சீட்டு, ஹாஸ்டல். இடம் கிடைக்கவில்லை என்றால் பிளஸ் டூ முடிந்ததும் கல்யாணம். என் மச்சான் இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருந்தார்: "மாப்ள, அவுகளாக் கூப்பிட்டுச் சீட்டுக் குடுத்தா அனுப்புறேன். இல்லன்னா எனக்குத் தெரிஞ்ச வழிதான்." மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேசுகிற மனுஷர் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

3

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள், கம்பெனி நேரத்தில், கம்பெனி பென்சிலால் ஒரு நீல ஏர்மெயில் காகிதத்தில் கடிதம் எழுதினேன். வார்த்தை போதாது என்று படமும் போட்டேன். என் தொழிலில் பம்பை எப்படி மூன்று கோணத்தில் காட்டுவோமோ அப்படி முழங்காலைக் காட்டினேன்: முன் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம். குச்சி மாதிரி ஒரு பெண். தலை ஒரு வட்டம். சரியான இறக்கத்துக்கு ஒரு படம், தவறான இறக்கத்துக்கு ஒரு படம். தொடை எங்கே இருக்க வேண்டும், இடுப்பு எவ்வளவு பின்னால் போக வேண்டும் என்று அம்புக்குறி. பத்து வருஷத்தில் நான் போட்ட வரைபடங்களில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். சின்னமனூரில் வெளிநாட்டுக் கடிதத்தை யாரும் தனியாகப் படிப்பதில்லை. மச்சான் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மோட்டார் கொண்டுவந்த மார்க்கையன்கோட்டைக்காரர், டீ கொண்டுவந்தவர், எதிர்த்த உரக்கடைக்காரர் எல்லோரும் கேட்பார்கள். நான் எழுதுகிற குளிரும் பனியும் அந்தக் கடைக்குப் பொதுச் சொத்து.

அக்காவின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. அக்கா பேசுகிறபடியே எழுதுவாள்.

"தம்பி, நீ எழுதின காயிதத்த ஒங்க மச்சான் வழக்கம்போலக் கடையில வச்சு வாசிச்சாக. குளிரு ஆரம்பிச்சது, கயலு நல்லாருக்கிறது எல்லாம் வாசிச்சாக. அப்புறம் 'செல்வி தொடைய' அப்படின்னு ஆரம்பிச்சாக. அப்படியே நிறுத்திட்டாக. ஒரக்கடைக்காரரு 'என்ன அண்ணே, மேல வாசிங்க'ன்னாராம். மடிச்சுச் சட்டப் பையில வச்சுட்டாக. ராத்திரி சாப்பிடையில எங்கிட்ட, 'ஒன் தம்பிக்குப் புத்தி இருக்கா? வயசுப் பிள்ளைக்கு எழுதுற காயிதமா இது? படத்துல ஒரு பாவாட சட்டகூட இல்ல'ன்னு சொன்னாக. ஏன்டா தம்பி இப்படி? எனக்குத் தெரியும் நீ நல்லதுக்குத்தான் எழுதிருப்ப. ஆனா நாலு பேரு இருக்கையில அவுக மொகம் எப்படி இருந்திருக்கும்?"

குச்சிக்குப் பாவாடை. ஜெர்மன் மொழியில் முழங்கால் அஃறிணை. சின்னமனூரில் மட்டும் அது பெண்பால்.

4

நான் தோற்றுப்போகிற ஆள்தான், ஆனால் முறைப்படி தோற்பேன். மறுபடியும் வரைந்தேன். இந்தத் தடவை குச்சிப் பெண்ணுக்குக் கணுக்கால் வரைக்கும் பாவாடை கட்டிவிட்டேன், பூப்போட்டு. வரைந்து முடித்துப் பார்த்தால் சரியான இறக்கமும் தவறான இறக்கமும் ஒரே மாதிரி இருந்தன. முழங்கால் இருக்கிற இடத்தில் பூ இருந்தது.

ரூத் டீச்சருக்கு ஏன் தெரியவில்லை, அக்காவுக்கு ஏன் தெரியவில்லை, கைதட்டிய எனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கெல்லாம் அந்தப் படமே பதில். அவள் முழங்கால் உள்ளே சாய்வதை இந்த உலகத்தில் யாருமே பார்த்ததில்லை. சத்தம் மட்டும்தான் வெளியே வந்தது. அதற்கும் நாங்கள் கைதட்டிவிட்டோம்.

அடுத்து, பள்ளித் தலைமையாசிரியைக்கு ஆங்கிலத்தில், டைப் அடித்து, மரியாதையாக ஒரு கடிதம். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. எனது யோசனை பெறப்பட்டது என்றும், பாடத்திட்டத்தில் இல்லாத பயிற்சியாதலால் தக்க உத்தரவு வேண்டி மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றும் இருந்தது. ஒற்றைக் காலில் நிற்பதற்கு உத்தரவு. இங்கே பந்து பொறுக்கவே மூன்று பிரதி கேட்கிறார்கள் என்பதால் என்னால் கோபப்படவும் முடியவில்லை.

அந்தப் பதிலுக்குக் காத்திராமல் ஒரு சனிக்கிழமை டிரங்க்கால் பதிவு செய்தேன். மச்சான் கம்பத்துக்கு மோட்டார் எடுக்கப் போகிற நாள் அது. உரக்கடையில்தான் போன். நான்கு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. செல்வியைக் கூட்டிக்கொண்டு அக்கா ஓடிவந்திருந்தாள்.

"மாமா! நல்லாருக்கீகளா? கயலு நல்லாருக்கா?"

"அதெல்லாம் இருக்கட்டும்த்தா. முட்டி எப்படி இருக்கு?"

"என்ன மாமா?"

"முட்டி! முட்டி!" என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் சுவரைத் தட்டினார்.

"இருக்கு மாமா! இந்த மாசம் ஜோனல் போட்டி, அதுல பாத்துத்தான் மாவட்ட டீமுக்கு எடுப்பாக! டீச்சர் தெனம் நூறு தோப்புக்கரணம் போடச் சொல்றாக! அம்மா நீங்க எழுதுனத அப்பா சட்டப் பையிலருந்து எடுத்துக் குடுத்துச்சு. படம் பாத்தேன். நான் செய்யுறேன் மாமா. ஆனா எதுத்தாப்புல இருந்து யாராச்சும் பாக்கணும்னு போட்டிருக்கே. யாரு பாக்குறது?"

"அம்மாவப் பாக்கச் சொல்லு!"

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "நான் பாத்தேன்டா தம்பி. எனக்கு எல்லாம் நேராத்தான் தெரியுது. எம்பிள்ள கால்ல என்ன கொற?"

"அக்கா, கொறையிருக்கான்னுதான் பாக்கணும்!"

"கொறைய எதுக்குடா தேடிப் பாக்கணும்?"

மூன்று நிமிஷம் முடிந்தது. உரக்கடைக்காரர் கடைசியில் "சார், அங்கன ஒரம் என்ன ரேட்டு?" என்று கேட்டது மட்டும் தெளிவாக விழுந்தது.

5

செல்வி கெட்டிக்காரி. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் எழுதிய கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அக்கா வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். ஆனால் மாடி அறையில் இரும்பு பீரோ இருக்கிறது. அதன் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. மத்தியானம் அப்பா கீழே கடையில் இருக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, அரிசி டின்னின் மேல் ஏறி பீரோவுக்கு எதிரே குதித்துப் பழகினாள். கடைக்கு நேர் மேலே அந்த அறை. தொப்பென்று விழுந்தால் கீழே மச்சானுக்குக் கேட்கும். "என்னா அங்கன சத்தம்?" என்று அதட்டுவார்.

"அப்பா பயத்துல இப்பச் சத்தமே வர்றதில்ல மாமா. பூன மாதிரி எறங்குறேன். மொதல்ல கண்ணாடியில பாத்தப்ப எனக்கே பயமா இருந்துச்சு. வலது முட்டி அப்படியே உள்ள ஓடுது. இத்தன வருஷமா என் காலு என்ன செஞ்சுச்சுன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கு. இப்பப் பத்துல ஏழு நேரா எறங்குறேன். டியூப் அப்பா கடையிலருந்து எடுத்துட்டேன்."

க்ரூபர் அம்மாளால் கண்ணை மூடிக்கொண்டு மிரட்டித்தான் கற்றுக்கொடுக்க முடிந்ததை என் மச்சான் தனக்கே தெரியாமல் கீழே உட்கார்ந்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷத்தில் அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு ஜோடி முழங்கால் உறை வாங்கினேன். பார்சலின் மேல் ஒட்டுகிற சுங்கப் படிவத்தில் இந்தப் பொருள் எதற்கு என்று கேட்டிருந்தது. விளையாட என்று எழுதினேன். கயலிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதிக்கே, "பத்தில் ஏழு நல்லது. எனக்கு ஆறுதான்" என்றாள், ஜெர்மனில்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதி, பத்தில் எட்டு வர வேண்டும் என்று கேலி செய்து, தபாலில் போட்டுவிட்டு வந்த நான்காம் நாள் அக்காவின் கடிதம் வந்தது. இரண்டிலும் போட்டிருந்த தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் முழங்கால் உறை வாங்கிய அன்றைக்குச் செல்வி கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். நான் சிரித்துக்கொண்டே எழுதிய கடிதம் தபாலில் விழும் முன்பே பொய்யாகிவிட்டது. இங்கிருந்து எழுதுகிற எல்லாக் கடிதமும் அப்படித்தான், நட்சத்திர வெளிச்சம் மாதிரி, என்று எங்கோ படித்த ஒன்றைச் சொல்லலாம். ஆனால் படித்ததைச் சொல்லித் தேற்றிக்கொள்கிற வயசு எனக்குப் போய்விட்டது.

ஜோனல் போட்டி. தேனியில். ஐந்தாவது செட். காலையிலிருந்து மூன்றாவது ஆட்டம். எல்லாப் பெண்களும் நிற்கவே முடியாமல் நின்றார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். செல்வி எம்பினாள். பந்து போய்க் குத்தியது. புள்ளி கிடைத்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அடியில் செல்வி இரண்டு வரி சேர்த்திருந்தாள். "தரையில சத்தம் வரல மாமா. முட்டிக்குள்ளதான் வந்துச்சு."

6

க்ரூபர் அம்மாளிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "எத்தனை வாரம் பழகினாள்?" என்பதுதான். மூன்று என்றேன். வலைக் கயிற்றைச் சுற்றி முடித்தார். பிறகு, "எனக்கு ஒரு பருவம் முழுக்க வேண்டும். மூன்று வாரத்தில் முழங்கால் கற்றுக்கொள்ளும். களைத்துப்போனால் மறந்துவிடும்" என்றார்.

நான் உடனே கிளம்பிப் போயிருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் வெளிநாட்டார் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த இளைஞர், அவசரத்தின் தன்மை என்ன என்று கேட்டார். அக்கா மகளுக்கு முழங்கால் என்றேன். அக்கா மகள் நெருங்கிய உறவினர் பட்டியலில் வரவில்லை என்று காட்டினார். எங்கள் பக்கம் அக்கா மகளுக்குத் தாய்மாமன் யார் என்பதை விளக்குகிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் போதவில்லை. போயிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? இன்னொரு படம் வரைந்திருப்பேன்.

ஊர் எலும்புக் கட்டுக்காரர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் வலது தொடை இடது தொடையில் பாதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் உள்ளே நார் அறுந்திருக்கிறது, தொடைக்கு வலு ஏற்றினால் நடக்கலாம், குதிக்க முடியாது என்றாராம். இதை மச்சான் தன் பாஷையில் எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குத் தன் கையால் எழுதிய முதல் கடிதம்.

"மாப்ள, பேரிங் நல்லாத்தான் இருக்காம். பெல்ட்டுதான் அறுந்திருக்காம். மோட்டாரா இருந்தா நானே மாட்டிருவேன். நீ முன்னாடி அனுப்புன காயிதத்தக் கடையில வச்சு வாசிச்சது என் தப்பு. அன்னைக்கே பிள்ளகிட்டக் குடுத்திருந்தா ரெண்டு மாசம் கூடக் கெடச்சிருக்கும்னு ஒங்க அக்கா தெனம் சொல்றா. சொல்லட்டும். இப்ப ஒரு காரியம். கோம்பையில ஒரு எடம் வந்திருக்கு. நல்ல சனம். தோட்டம் இருக்கு, பையன் கூட்டுறவுல வேல பாக்குறான். தையில பொண்ணு பாக்க வர்றாக. பிள்ளைக்குக் கால்ல அடிபட்டது அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா நொண்டின்னு பேரு கட்டிருவாக. நடக்கையில தெரியல மாப்ள. ஆனா சபையில விழுந்து கும்பிட்டு எந்திரிக்கணுமே. எந்திரிக்கையில கைய ஊண்டிருறா. அதுக்கு என்ன பயிற்சின்னு கேட்டு, நல்லாப் பெரிசாப் படம் போட்டு அனுப்பு. பாவாட கீவாட வேணாம். முட்டி தெளிவாத் தெரியணும்."

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

காகிதத்தின் ஓரத்தில், ஒட்டுகிற மடிப்புக்கு உள்ளே, அப்பாவுக்குத் தெரியாமல் செல்வி பென்சிலில் எழுதியிருந்தாள்: "மாமா, படம் நல்லாப் போட்டு அனுப்புங்க. ஆனா சீக்கிரம் அனுப்ப வேணாம்."

7

கப்பல் தபால் என்று ஒன்று இருக்கிறது. இங்கிருந்து சின்னமனூருக்கு மூன்று மாதம் ஆகும். அதை விசாரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தபால் நிலையப் பெண் படிவத்தைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அதற்கு முன்னால் க்ரூபர் அம்மாளைக் கேட்டுவிடலாம் என்று கூடத்துக்குப் போனேன். தொடை வற்றிய பிள்ளைக்கு வாரம் ஒவ்வொன்றும் கணக்கு, தள்ளிப்போட்டால் நடையே போய்விடும் என்றார். படுத்தபடி முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்குவது, காலை நீட்டித் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்சமே கொஞ்சம் இறங்குவது என்று வரிசையாகச் செய்து காட்டினார். நான் குறித்துக்கொண்டேன். பிறகு தயங்கித் தயங்கி, தரையில் மண்டியிட்டு, குனிந்து, நெற்றியால் தரையைத் தொட்டுவிட்டு, கை ஊன்றாமல் எழுந்திருப்பது எப்படி என்று கேட்டேன். புரியவில்லை என்றார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்து காட்டினேன். நாற்பத்தைந்து வயசும் என் வயிறும் ஒத்துழைத்த அளவுக்கு விழுந்தேன். எழுந்திருக்கையில் கை ஊன்றிவிட்டேன். மூலையில் பந்து வைத்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். கயல் சிரிக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இது எந்த விளையாட்டில் வருகிறது?" என்று கேட்டார் க்ரூபர் அம்மாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பத்து வருஷமாகக் கற்ற மொழியில் தேடினேன். எங்கள் ஊரில் விளையாடுவார்கள் என்றேன்.

அவர் யோசித்தார். நல்ல காலை முன்னால் வைத்து அதில்தான் எழ வேண்டும், அடிபட்ட காலைப் பின்னால் விட வேண்டும் என்று காட்டினார். "முறை தெரியாமல் முக்கி எழுந்தால் மறுபடியும் முறுக்கிக்கொள்ளும். இரண்டாவது தடவை மோசமாக இருக்கும். ஆட விடாமல் இருப்பது நல்லது."

"ஆடாமல் இருக்க முடியாது" என்றேன்.

மேஜைக்கு வந்து முதலில் அந்த ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வரைந்தேன். தொடைக்கு வலு வரட்டும், எழுந்திருக்கிற வித்தையை நான் ஏன் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு கெட்டிக்காரத்தனம். அப்புறம் யோசித்தேன். படம் இல்லை என்பதற்காகக் கோம்பைக்காரர்கள் வராமல் இருக்கப்போவதில்லை. அவள் விழத்தான் போகிறாள். முறை தெரியாமல் முக்கி எழத்தான் போகிறாள். ஆக நான் தடுக்கக்கூடியது கல்யாணத்தை அல்ல, இரண்டாவது முறுக்கலைத்தான். அந்தப் படத்தையும் வரைந்தேன். பெரிசாக, தெளிவாக, மூன்று கோணத்தில். அடியில் 'ஆறு மாதம் மற்றப் பயிற்சிகளைச் செய்த பிறகே இது' என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டேன். விமானத் தபாலில் அனுப்பினேன்.

செல்விக்குத் தனியாக எழுத நினைத்தேன். எழுதினால் மச்சான்தான் பிரிப்பார். எழுதவில்லை.

மச்சானின் பதில் இரண்டே வரி. "படம் கெடச்சது மாப்ள. பீரோவுல ஒட்டியிருக்கோம், நானே எதுத்தாப்புல ஒக்காந்து பாக்குறேன். ஆறு மாசமெல்லாம் முடியாது, அவுக தை ரெண்டாவது ஞாயித்துக்கெழமையே வர்றாக."

எதிரில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

8

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான். இதை விளையாட்டுக் கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கயலுக்கு இன்று ஆட்டம். வெளியே பனி. உள்ளே பிள்ளைகளின் காலணிகள் தரையில் கிறீச்சிடுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. எம்புகிறார்கள், இறங்குகிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை.

கூடத்துக் கடிகாரத்தில் மணி பதினொன்று. அங்கே மூன்றரை. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் முடித்துவிடுவார்கள். ஜமுக்காளம் விரித்திருக்கும். கோம்பைக்காரர்கள் காபி குடித்திருப்பார்கள். "ஆத்தா, சபையில விழுந்து கும்பிட்டுக்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்நேரம் விழுந்திருப்பாள்.

எழுந்தாளா என்பது எனக்குத் தெரிய இன்னும் பத்து நாள் ஆகும். நல்லபடியாக எழுந்திருந்தால் கோம்பைக்குப் போய்விடுவாள். கை ஊன்றியிருந்தால் நொண்டி என்று பேர் வாங்கி வீட்டிலேயே இருந்துவிடுவாள். முழங்கால் மறுபடியும் முறுக்கியிருந்தால், அதை நான் நினைக்கவில்லை. ஒரு மாமன் இதில் எதை வேண்டிக்கொள்வது? மனசில் ஒவ்வொன்றாக வேண்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் பாதியில் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கூடம் எழுந்து கைதட்டியது. கயல் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, நான் அடிச்சது பாத்தியா?"

"இல்லம்மா" என்றேன். "நீ இறங்கினதைத்தான் பார்த்தேன்."

"நேராவா?"

"நேராத்தான்."

திரும்பி ஓடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.